விரல் ரேகை: வகைகளும் பயன்களும், முதன்முறையாக ரேகை வைப்போருக்கு ஒரு வழிகாட்டி

இன்றைக்கு விரல் ரேகை வைக்காமல் ஒரு குடும்பம் ஓர் ஆண்டைக் கடத்திவிட முடியாது. நியாய விலைக் கடையில் அரிசி வாங்கும்போதும், பனியன் கம்பெனியில் வருகை பதியும்போதும், தோட்டத்தைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதியும்போதும், பாஸ்போர்ட் எடுக்கும்போதும், ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போதும் யாரோ ஒருவர் நம் விரலைக் கேட்கிறார். நாமும் கேட்டவுடன் நீட்டிவிடுகிறோம். எதற்காகக் கேட்கிறார்கள், எந்த விரலை எப்படி வைக்க வேண்டும், இயந்திரம் ஏற்காவிட்டால் அடுத்து என்ன கோர வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்பவற்றை நம்மில் பெரும்பாலோருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. கையெழுத்துக்கு நிகரானதும் சில இடங்களில் அதைவிட வலுவானதுமான ஒன்றை அறியாமல் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த வரிசையிலேயே படித்துச் செய்து பார்க்கலாம்.

முதற்படி: உங்கள் விரலை நீங்களே பாருங்கள்

பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலருகே அமர்ந்து விரல் நுனியைப் பார்த்தால், மேடும் பள்ளமுமாக நெருங்கி ஓடும் கோடுகள் தெரியும். மேட்டுக் கோடுகள்தாம் ரேகை. இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், மென்மையான பென்சிலை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்து, அந்தக் கரியில் விரலை ஒற்றி, அதன்மேல் ஒளிபுகும் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, வேறொரு வெள்ளைத்தாளில் ஒட்டிவிடுங்கள். இப்படி டேப்பில் வருவது விரலை நேரில் பார்ப்பது போன்ற உருவம். மையில் தோய்த்துத் தாளில் பதிப்பது இடவலம் மாறி விழும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் வகை பிரிக்கத் தொடங்கினால் வளையத்தின் திசையில் குழப்பம் வரும்.

இனி இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, கோடுகள் வளைந்து திரும்பும் நடுப்பகுதி. இதை மையம் என்பர். மற்றொன்று, மூன்று திசைகளிலிருந்து வரும் கோடுகள் கூடும் முக்கோணம் போன்ற இடம். நிபுணர்கள் இதை டெல்டா என்று அழைக்கிறார்கள். ஒரு விரலில் டெல்டா எத்தனை இருக்கிறது என்று எண்ணினாலே வகையில் முக்கால் பங்கு தெரிந்துவிடும்.

டெல்டா ஒன்று மட்டும் இருந்து, கோடுகள் ஒரு பக்கத்தில் நுழைந்து நடுவில் கொண்டை ஊசி போல் வளைந்து வந்த பக்கமே திரும்பிப் போனால் அது வளையம். மனிதர்களின் விரல்களில் சுமார் 60 முதல் 65 சதவீதம் இந்த வகைதான். வளையத்தின் திறந்த வாய் சுண்டுவிரல் பக்கம் பார்த்தால் ஒரு வகை, பெருவிரல் பக்கம் பார்த்தால் மற்றொரு வகை. பின்னது குறைவு, அதுவும் பெரும்பாலும் ஆட்காட்டி விரலில்தான் காணப்படும்.

டெல்டா இரண்டு இருந்து, இடையில் கோடுகள் வட்டமாகவோ திருகாகவோ சுற்றினால் அது சுழி. காங்கேயம் காளை வாங்கச் செல்பவர் நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்றிருக்கும் இடங்களைக் கூர்ந்து பார்ப்பாரே, அந்தப் பழகிய கண்ணுக்கு விரற்சுழியும் உடனே பிடிபடும். 30 முதல் 35 சதவீதம் விரல்கள் இவ்வகை. இதற்குள்ளேயே எளிய சுழி, நடுவில் சிறு பை போலச் சுழன்ற சுழி, இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தழுவிக்கொண்ட இரட்டை வளையம், எதிலும் அடங்காத கலப்பு வகை என உட்பிரிவுகள் உண்டு. இரட்டை வளையத்தைப் புதியவர்கள் வளையம் என்றே எழுதிவிடுவார்கள். டெல்டா இரண்டு இருந்தால் அது சுழியின் குடும்பம் என்று கொள்ள வேண்டும்.

டெல்டா இல்லாமல், கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து நடுவில் மெல்ல உயர்ந்து மறுபக்கம் வெளியேறினால் அது வில். ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. நடுவில் கூடாரக் கம்பு நட்டது போலச் செங்குத்தாக எழும்பினால் அதைக் கூடார வில் என்று தனியே குறிப்பார்கள். அதில் மட்டும் நடுவே ஒரு டெல்டா தென்படலாம்.

பத்து விரல்களுக்கும் இப்படி எழுதி முடித்த பிறகு ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வகை ஒத்திருப்பதால் இருவர் ஒருவராகிவிட மாட்டார்கள். உங்கள் வலது பெருவிரலில் சுழி இருப்பது போலக் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும். உங்களை உங்களாக்குவது, அந்தக் கோடுகள் எங்கே திடீரென முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன, எங்கே புள்ளியாகவோ சிறு தீவாகவோ நிற்கின்றன என்ற நுண்குறிகளும் அவை ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் இடமும்தான். தாயின் கருவில் சுமார் பத்தாவது வாரம் தொடங்கி ஆறாவது மாதத்துக்குள் இந்தக் கோடுகள் அமைந்துவிடுகின்றன. விரல் நுனியின் வளர்ச்சி வேகம், கருவின் அசைவு, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஆகியவற்றின் சிறு வேறுபாடும் கோட்டின் போக்கை மாற்றும் என்பதால், மரபணு ஒன்றாக உள்ள ஒரே கரு இரட்டையருக்கும் ரேகை வேறுபடுகிறது. பிரான்சிஸ் கால்டன் 1892-இல் கணக்கிட்டுச் சொன்னபடி, இரண்டு விரல்களின் ரேகை முற்றிலும் ஒத்துப்போக 6,400 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு.

இரண்டாம் படி: எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரேகையை ஆட்சிப் பணிக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில்தான் வேரூன்றியது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைப் பொருள் தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவர் பின்னால் மறுக்காதிருக்க, ஒப்பந்தத்தின் பின்புறம் அவருடைய உள்ளங்கையைப் பதித்து வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் அமைந்தது. அங்கே பணியாற்றிய அஜீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள், எந்தெந்த விரலில் சுழி இருக்கிறது என்பதை எண்ணாக மாற்றி, எத்தனை இலட்சம் அட்டைகள் சேர்ந்தாலும் 1,024 பிரிவுகளுக்குள் அடுக்கித் தேடும் முறைக்குக் கணக்கு வகுத்தார்கள். அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் அந்த முறை உலகெங்கும் சென்றது. 1901-இல் இலண்டன் காவல்துறை அதை ஏற்றுக்கொண்டது. கணக்கு வகுத்த இருவரின் பெயரையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இன்று ரேகை கேட்கப்படும் காரணங்கள் மூன்று. நீங்கள் இன்னார் என்று உறுதிப்படுத்துவது முதலாவது. ரேஷன், ஆதார், சிம் கார்டு, பாஸ்போர்ட், விசா, நுழைவுத் தேர்வு எல்லாம் இதில் அடங்கும். நீட் தேர்வு விண்ணப்பத்தில் இரு கை விரல்களின் பதிவையும் ஏற்றச் சொன்னதும், தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த ஆள்மாறாட்டத்துக்குப் பின் ரேகை ஒப்பீடு தீவிரமானதும், இராசிபுரம், நாமக்கல் பக்கம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்த செய்தி. நீங்கள் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று காட்டுவது இரண்டாவது. பத்திரம், கடன் சீட்டு, வாக்குமூலம் இவ்வகை. குற்றம் நடந்த இடத்தோடும் பழைய குற்றப் பதிவுகளோடும் ஒப்பிடுவது மூன்றாவது. சாலை விபத்தில் இறந்து பெயர் தெரியாமல் கிடப்பவரை அடையாளம் காணவும் இதே ஒப்பீடு உதவுகிறது. யாராவது ரேகை கேட்டால், இந்த மூன்றில் இது எது என்று முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் விரலை நீட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: கையைப் பதப்படுத்துங்கள்

கொங்கு நாட்டின் தொழில்கள் பெரும்பாலும் கைத்தொழில்கள். அவை விரலைத் தின்னும் தொழில்களும் ஆகும். திருப்பூரில் பிளீச்சிங், சாயப்பட்டறை வேலை செய்பவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் பிரிப்பவர்கள், கோவையின் வார்ப்பாலைகளில் மணல் அச்சு பிடிப்பவர்கள், சென்னிமலையிலும் பவானியிலும் தறியில் நூல் இழுப்பவர்கள், சுண்ணாம்பும் சிமெண்டும் குழைக்கும் கொத்தனார்கள், வால்பாறையில் கொழுந்து பறிப்பவர்கள் ஆகியோரின் விரல்களில் மேட்டுக் கோடுகள் தேய்ந்து, இயந்திரத்துக்குத் தெரியாத அளவுக்கு மழுங்கிவிடுகின்றன. கடைக்கு வந்து, "மிசின்ல எம்பட ரேகை விழுகவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு பாட்டி சொல்வது அவருடைய குற்றமல்ல. உழைத்த கையின் நிலை அது.

நல்ல செய்தி என்னவென்றால், தேய்வது பெரும்பாலும் மேல்தோல்தான். கோட்டின் அச்சு அதற்கும் கீழே இருக்கிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பித்துக்கொள்வதால், வேலையிலிருந்து விரலுக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்தால் அதே கோடுகள் அதே இடத்தில் மீண்டும் எழும். ஆழமாக வெட்டுப்பட்டு அடித்தோல் வரை காயம் போனால் மட்டும் தழும்பு நிலைத்துவிடும். அந்தத் தழும்பும் பிறகு உங்களுக்குரிய அடையாளமாகவே எண்ணப்படும். எக்ஸிமா போன்ற தோல்நோய்களும், கேப்சைட்டபின் என்ற புற்றுநோய் மருந்தும் ரேகையை மங்கச் செய்யலாம். அம்மருந்து உட்கொள்பவர் ரேகை வைக்கப் போகுமுன் மருத்துவரிடம் ஒரு குறிப்பு வாங்கி வைத்துக்கொண்டால், வெளிநாட்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்வது எளிதாகும்.

ரேகை வைக்க வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு முந்தைய ஒரு வாரமாவது இரவில் விரல் நுனிகளில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துப் படுங்கள். முடிந்தவரை வேலையின்போது கையுறை போடுங்கள். அன்று காலை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுச் செல்லுங்கள். தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றில் விரல் காய்ந்திருந்தால் இயந்திரம் கோடுகளைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கும். அப்போது ஈரத்துணியில் ஒருமுறை ஒற்றிக்கொண்டால் போதும். வியர்த்த கைக்கு எதிர்மாறாக உலர்ந்த துணி தேவை. கல்யாண வீட்டு மருதாணியை விசா நேர்காணலுக்கு முன் விரல் நுனியில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருதாணியோ வெட்டுக்காயமோ இருந்தால் மற்றொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

நான்காம் படி: மையில் பதிக்கும்போது

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதியும்போது ஒளிப்படத்தோடு ரேகையும் வாங்குவது, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 32-ஏ பிரிவின்படி நடப்பது. நிலம், வீடு கைமாறும் ஆவணமானால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இது பொருந்தும். வழக்கமாக இடது பெருவிரல் ரேகையே வாங்கப்படுகிறது. வலக்கைக்காரர் பலருக்கு அந்த விரல் குறைவாகத் தேய்ந்திருக்கும். இடது பெருவிரல் இல்லாதவர் வேறு விரலை வைக்கலாம், ஆனால் எந்தக் கையின் எந்த விரல் என்பதை அருகில் எழுதச் சொல்ல வேண்டும்.

விரல் முழுவதும் மெல்லிய சீரான மை படிய வேண்டும். தடித்தால் பள்ளங்களும் நிரம்பி வெறும் கறையாகிவிடும். நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே வீச்சில் மெல்ல உருட்டுங்கள். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது, அழுத்தியும் நிற்கக் கூடாது. பத்து விரலும் உருட்டும்போது பெருவிரல்களை உடல் பக்கமாகவும் மற்ற விரல்களை உடலை விட்டு விலகியும் உருட்டினால் கை திருகாமல் வரும். அமெரிக்காவில் முன்பு வேலை செய்து திரும்பிய நம் பொறியாளர்கள் அங்கிருந்து குற்றப் பதிவுச் சான்று பெற எஃப்.டி.-258 என்ற அட்டையில் வைப்பதும் இப்படித்தான். பதிவு கலைந்துவிட்டால் அதன்மேலேயே மறுபடி வைக்காதீர்கள். பக்கத்தில் புதிதாக வைத்து, முன்னது கலைந்தது என்று எழுதுபவரைக் குறிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படியில் நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. வட்டிக்குக் கொடுத்து வாங்குவதும், நிதி நிறுவனங்களில் கடன் எடுப்பதும் கரூர், நாமக்கல், ஈரோடு பக்கங்களில் அன்றாட வாழ்க்கை. அவசரத்தில் இருப்பவரிடம் எழுதாத புரோநோட்டிலோ வெற்று முத்திரைத்தாளிலோ "கையை வெச்சுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். கையெழுத்தை, அது என்னுடையதல்ல என்று வாதாட இடம் உண்டு. ரேகை என்னுடையதல்ல என்று சொன்னால் நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்து அது உங்களுடையதே என்று நிறுவிவிடுவார். ஆனால் ரேகை நிறுவுவது அந்த விரல் அந்தத் தாளைத் தொட்டது என்பதை மட்டுமே; தாளில் எழுதியிருந்ததை நீங்கள் அறிந்து ஒப்பினீர்களா என்பதை அது சொல்லாது. இந்த இடைவெளியில்தான் ஏழைகள் நிலத்தை இழந்திருக்கிறார்கள். எழுத்தறியாத பெரியவர் ரேகை வைக்கும்போது, முழு வாசகத்தையும் அவருக்குப் படித்துக் காட்டி, அப்படிப் படித்துக் காட்டப்பட்டது என்பதையும் தாளிலேயே எழுதி, அவருக்கு வேண்டிய ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். தொகையும் தேதியும் எழுத்தாலும் எண்ணாலும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இயந்திரத்தில் வைக்கும்போது

கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். முன்னவரின் எண்ணெயே பாதித் தொல்லை. விரல் நுனியைக் குத்தாமல், முதல் கணு வரை தட்டையாக வைத்து, விளக்கு அணையும் வரை அசையாதிருங்கள். பலரும் நினைப்பது போல் அழுத்துவதால் தெளிவு வராது, கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லா விரலும் ஒரே தரத்தில் இருக்காது. ஒருமுறை பத்து விரலையும் சோதித்து எது நன்றாக விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், எப்போதும் அந்த விரலையே முதலில் நீட்டலாம். மோதிர விரல் குறைவாகத் தேய்வதால் பலருக்கு அது கைகொடுக்கிறது.

ஆதாருக்கு வலக்கை நான்கு விரல், இடக்கை நான்கு விரல், இரு பெருவிரல் என மூன்று தவணையில் எடுக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்ட பிள்ளைகளே பிற்பாடு தேர்வு மையத்தில் தடுமாறுகிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் விசாவுக்கு ஒருமுறை கொடுத்த ரேகையை 59 மாதங்கள் வரை மறு விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள்; 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் எடுப்பதில்லை. பாஸ்போர்ட் சேவை மையத்தில் ரேகை முதல் கவுண்டரிலேயே முடிந்துவிடும், அங்கே தனியாகத் தயாரிப்பு ஒன்றும் வேண்டாம்.

இயந்திரம் ஏற்காவிட்டால்

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனிதர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ரேகை விழவில்லை என்பது உங்கள் உரிமை போய்விட்டது என்று பொருளல்ல. 2018-இல் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரேகை ஒத்துப்போகாததைக் காரணம் காட்டி உரியவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்பதைப் பதிவு செய்தது. அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், ரேஷன் போன்ற பயன்களில் ரேகை தவறினால் மாற்று வழி தர வேண்டும் என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

நியாய விலைக் கடையில், முதலில் வேறு விரலில் முயலச் சொல்லுங்கள். கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். பிறகு, பதிவு செய்த செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. அதுவும் முடியாவிட்டால் குடும்ப அட்டையை ஸ்கேன் செய்து பதிவேட்டில் கையொப்பம் பெற்றுப் பொருள் தரும்படி கோருங்கள். அட்டையில் பெயர் உள்ள எவரும் ரேகை வைக்கலாம் என்பதால், தாத்தாவையே கூட்டிவர வேண்டிய தேவை இல்லை. தனியாக வாழும் முதியவர், நடக்க இயலாதவர் ஆகியோர் அங்கீகாரப் படிவம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் தகுதியுள்ள முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது. மறுத்தால் 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவில் கடை எண், தேதி, என்ன மாற்று வழி கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பவற்றை எழுதுங்கள். 'ரேகை விழவில்லை' என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்கு ரேகைக்குப் பதில் செல்பேசியிலேயே முகம் காட்டி முடிக்கும் வசதி 2021 நவம்பர் முதல் உண்டு. தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் செய்யலாம். விசைத்தறியிலோ கரும்பு ஆட்டும் இயந்திரத்திலோ விரல்களை இழந்தவர்கள் ஆதார் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருவிழி மட்டும் கொண்டோ, அதுவும் இயலாதபோது ரேகையும் கருவிழியும் இல்லாத விலக்குப் பதிவாகவோ சேர்க்க விதியிலேயே இடம் இருக்கிறது. தேய்ந்த ரேகை சில வாரங்களில் தேறியிருக்கும்போது சேர்க்கை மையம் சென்று ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வதே நீடித்த தீர்வு. அறுவடையோ சீசனோ முடிந்து கை ஓய்ந்த நாட்களில் இதைச் செய்துவிடுங்கள்.

வீட்டில் திருட்டு நடந்தால், காவல்துறை ரேகை கேட்டால்

ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) குடியிருப்பது கொங்கு நாட்டு வழக்கம் என்பதால், திருட்டு நடந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்கு மிகவும் தேவையான பாடம். விரல்ரேகை நிபுணர்கள் வரும்வரை பீரோவையும் கதவுப் பிடியையும் எவரும் தொடக் கூடாது. ஆறுதல் சொல்ல வரும் உறவினர்கள் ஆளுக்கொரு முறை பீரோவைத் திறந்து பார்த்தே தடயம் அழிகிறது. அறையைப் பூட்டிவிட்டு வாசலில் உட்காருங்கள்.

தொட்ட இடத்தில் மிஞ்சும் பதிவு மூன்று விதம். எண்ணெய், இரத்தம், மை பட்ட விரலின் பதிவு கண்ணுக்கே தெரியும். மெழுகு, ஈர வண்ணம், சோப்பு போன்றவற்றில் குழிந்து விழுவது ஒரு வகை. வியர்வையாலும் எண்ணெயாலும் விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பதே பெரும்பான்மை. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், வண்ணம் பூசிய பீரோ ஆகியவற்றில் மறைந்திருப்பதைப் பொடி தூவித் தூரிகையால் எழுப்பி டேப்பில் எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள் வியர்வையின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறத்தில் காட்டும். பிளாஸ்டிக் பொருளைச் சூப்பர் குளூ ஆவியில் வைத்தால் கோடுகள் வெண்மையாக எழும். சாக்கிலும் சொரசொரப்பான மண்சுவரிலும் நல்ல பதிவு கிடைப்பது அரிது.

அதன்பின் வீட்டாரின் ரேகையையும் கேட்பார்கள். பலர் இதில் மனம் புண்படுகிறார்கள், புண்பட வேண்டாம். வீட்டில் வழக்கமாகப் புழங்குபவர்களின் ரேகையைக் கழித்துவிட்டால்தான் அந்நியருடையது எது என்று தெரியும். மனமுவந்து கொடுங்கள், எதற்காக வாங்கினார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்தின்பேரில் கைது செய்யப்பட்டவரின் நிலை வேறு. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தின்படி, கைதானவரிடமும் தண்டனை பெற்றவரிடமும் விரல், உள்ளங்கை, பாதம், கருவிழி ஆகிய பதிவுகளை எடுக்கலாம். தடுத்தால் அதுவே குற்றமாகும். தன்னைத்தானே குற்றவாளியாக்கும் சாட்சியம் என்று சொல்லி ரேகையை மறுக்க முடியாது என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. பதிவுகள் 75 ஆண்டுகள் வைக்கப்படும். ஆனால், முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, எல்லா மேல்முறையீடும் முடிந்தபின் குற்றமற்றவர் என்று விடுதலையானாலோ, நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக ஆணையிடாத வரை அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விடுதலையானவர்கள் இந்த உரிமையை எழுத்து மூலம் கேட்பதில்லை. தீர்ப்பு நகலை இணைத்து, இதற்கென மாநில அரசு நியமித்த பொறுப்பு அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். 2022 முதல் நாடு முழுவதற்குமான கணினித் தொகுப்பில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் தரப்படுவதால், ஒரு மாவட்டத்தில் நீக்கப்படாத பெயர் எங்கும் தொடரும்.

நிபுணர் சொன்னால் அது இறுதி என்றும் எண்ண வேண்டாம். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு பதிவை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பின் அனுபவம் மிக்க நிபுணர்களே ஒரு வழக்கறிஞருடையது என்று தவறாக உறுதி செய்து, அவரைக் காவலில் வைத்து, பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். பதிவு முழுமையானதா, எத்தனை நுண்குறிகள் ஒத்தன, வேறொரு நிபுணர் தனியாகச் சரிபார்த்தாரா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும்.

ரேகையைப் பூட்டி வையுங்கள்

கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். ரேகையை மாற்ற முடியாது. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் படியெடுத்து ரப்பரில் வார்த்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைச் செயல்படுத்தியது பிடிபட்டது. ஆதார் எண்ணும் ரேகையும் போதும், வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கும் வசதி கிராமங்களில் உள்ளதால், இதே முறையில் பணமும் திருடப்பட்டிருக்கிறது.

எனவே ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ எம்-ஆதார் செயலியிலோ சென்று, ஓ.டி.பி. கொடுத்து, பயோமெட்ரிக் பூட்டு என்பதைப் போட்டுவிடுங்கள். பூட்டியபின் எவர் உங்கள் ரேகையை வைத்தாலும் 330 என்ற பிழை எண்தான் வரும். ரேஷனுக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். மாதந்தோறும் இதைச் செய்ய இயலாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவ வேண்டும். அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, நீங்கள் போகாத இடமோ வைக்காத நேரமோ தெரிகிறதா என்று பாருங்கள். பத்திர நகலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்போது, கேட்பவருக்கு ரேகைப் பக்கம் தேவையில்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

அறியாத பரிவர்த்தனை ஒன்றைக் கண்டால், முதலில் ரேகையைப் பூட்டுங்கள். அடுத்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைக்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் செய்த மோசடியில், அந்தக் கெடுவுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆதார் தொடர்பான புகாருக்கு 1947 என்ற எண் உண்டு. அதில் தமிழிலேயே பேசலாம்.